ஈரடிப்பு யந்திரமும் உவர் நீரும்

கிழக்கிலங்கையின் கரையோரமாக, வடக்கே ஏறாவூரை அடுத்த பகுதியிலிருந்து தெற்கே கல்முனையின் அயல் வரைக்கும் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வளைந்து கிடக்கும் மட்டக்களப்பு வாவி, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிக்கின்ற நீர்ப்பரப்பாகவும், அவ்விரு கரையாரையும் போஷிக்கின்ற வளமாகவும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதிலே இறாலும் நண்டும் மீனும் பிடிப்பவர்களுடைய தோணிகள் பெரும்பாலும் சவளாலும் கம்பாலுமே செல்கின்றன. ஆழம் மிகக் குறைந்த, பல இடங்களிலே மனிதர் இறங்கி நடந்தே வலை வைக்கக்கூடிய அந்தப் பரப்புக்கு அதுவே தகுதியானதுமாகும். ஆனால் பாலமீன்மடு, நாவலடி, கல்லடி, பூநொச்சிமுனை ஆகிய இடங்களிலிருந்து வங்கக் கடலுக்குள் இறங்குகிறவர்களுக்கும், வடக்கே வாழைச்சேனை, வாகரைத் துறைகளிலிருந்து புறப்படுகிறவர்களுக்கும் சவள் போதாது. அவர்களுடைய கண்ணாடிநார்ப் படகின் பின்விளிம்பிலே, ஆள் ஒருவர் தோளிலே தூக்கிக்கொண்டு கரையேறக்கூடிய பாரமுடைய எஞ்சின் ஒன்று தொங்குகிறது. அந்த எஞ்சின் இன்றும் பெரும்பான்மையாக ஈரடிப்பு வகையைச் சேர்ந்ததே.

இந்த வகையின் சுற்றம் பெரியது. 2008ஆம் ஆண்டில் இறக்குமதி தடுக்கப்படும் வரை நம் நாட்டுக்கு வந்து, வீதிகளிலே நீல நிறப் புகையோடு ஓடிய ஈரடிப்பு முச்சக்கர வண்டிகளும், மரம் அரியும் கைவாள் யந்திரங்களும், அமெரிக்க நாட்டு மணற்குன்றுகளிலே இளைஞர் ஏறி விளையாடும் நாற்சக்கரத் திடல் வண்டிகளும் இதற்கு உறவினவே. அத்திடல் வண்டிகளுள் மிகப் பெயர்பெற்றதாகிய யமஹா பான்ஷி 1987ஆம் ஆண்டிலே சந்தைக்கு வந்தது. இரண்டு சிலிண்டர்களைக் கொண்ட அதன் ஈரடிப்பு எஞ்சினைத் திறந்து பார்க்கிற மெக்கானிக் ஒருவர், நாவலடியில் தாம் நேற்றுத் திறந்து பார்த்த படகு எஞ்சினுக்கும் அதற்கும் உள்ளியல்பிலே வேற்றுமை அதிகம் காணமாட்டார். ஒன்றைப் பேணக் கற்றவர் மற்றதையும் பேணுவார். ஆகவே, உப்பும் மணலும் வெப்பமும் ஒருங்கே சேர்ந்து இவ்வகை யந்திரத்தைக் கடுமையாகச் சோதிக்கின்ற நமது கரையையே உதாரணமாகக் கொண்டு, அது எவ்வாறு மூச்சு விடுகிறது, எதனால் நலிகிறது, எவ்வாறு நெடுநாள் வாழ்கிறது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

நாலடிப்பு எஞ்சினிலே பிஸ்டன் கீழே இறங்கும்போது எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உள்ளிழுக்கிறது. மேலேறும்போது அதனை அமுக்குகிறது. பிளக்கிலே பொறி தெறித்துக் கலவை எரிய, மீண்டும் கீழே தள்ளப்படுகிறது. மறுபடி மேலேறிப் புகையை வெளியேற்றுகிறது. நான்கு அசைவுகளில் ஒன்றே வேலை செய்வது. மற்ற மூன்றும் அந்த வேலைக்கு வேண்டிய ஆயத்தங்கள். இவ்வளவு ஆயத்தம் வேண்டுமா என்று சிந்தித்தவர்களுள் முதன்மையானவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டூகல்ட் கிளார்க். 1878ஆம் ஆண்டிலே அவர் இரண்டே அசைவுகளில் காரியத்தை முடிக்கும் யந்திரத்தை அமைத்தார். எனினும், கலவையை உள்ளே தள்ளுவதற்கு அவருடைய யந்திரத்துக்கு இரண்டாவது சிலிண்டர் ஒன்று வேண்டியிருந்தது. அந்தச் சுமையையும் நீக்கியவர் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே என்பவர். 1889ஆம் ஆண்டளவிலே அவர் கண்ட உபாயம் மிக அழகியது: பிஸ்டனுக்கு மேலே எரிதல் நிகழும்போது, அதற்குக் கீழேயுள்ள கிராங்க் அறை சும்மா இருப்பானேன்? பிஸ்டன் மேலேறும்போது கீழறையிலே அமுக்கம் குறைய, புதிய கலவை அங்கே புகுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அமுக்கப்பட்டு, சிலிண்டர்ச் சுவரிலுள்ள துவாரங்களின் வழியாக மேலே பாய்கிறது. டேயின் தொழிற்சாலையிலே பணிபுரிந்த பிரெடெரிக் கொக் என்பவர், உட்புகு வழியையும் பிஸ்டனின் விளிம்பே திறந்து மூடும்படி செய்து இந்த அமைப்பைப் பூரணமாக்கினார். 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலே ஓலே எவின்றூட் ஒன்றரைக் குதிரைவலுவுள்ள எஞ்சினைப் படகின் பின்னே தொங்கவிட்டபோதும், 1960இலே யமஹா நிறுவனம் தன் முதலாவது படகு எஞ்சினை விற்பனைக்கு விட்டபோதும், உள்ளே இருந்தது ஈரடிப்பு நியதியே.

இதனால் எத்தனை உறுப்புகள் ஒழிந்துபோயின என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாலடிப்பு எஞ்சினின் தலையிலே ஓயாது எழுந்து அமரும் வால்வுகள் இல்லை. அவற்றை இயக்கும் தண்டு இல்லை. அதனைச் சுழற்றும் சங்கிலி இல்லை. ஒயில் தேங்கும் தொட்டியும் அதனைச் சுற்றியோட்டும் பம்பும் இல்லை. கலவை உட்புகும் வாயிலிலே, அமுக்க வேறுபாட்டினால் தானே திறந்து தானே மூடுகின்ற மெல்லிய தகட்டு நாக்குகள் மாத்திரம் பெரும்பாலான படகு எஞ்சின்களில் உண்டு. அசைகின்ற பிரதான உறுப்புகள் பிஸ்டன், அதன் தண்டு, கிராங்க் என்ற மூன்றேயாம். ஆனால், ஒழிந்துபோன உறுப்புகள் செய்த தொழில்கள் ஒழிந்துபோகவில்லை. வால்வுகளின் தொழிலைச் சுவர்த் துவாரங்களும், அவற்றினூடே ஓடும் வாயுவின் அலைகளும் ஏற்றுக்கொண்டன. ஒயில் பம்பின் தொழிலை, ஒவ்வொரு காலையிலும் எரிபொருளிலே ஒயிலைக் கலக்கின்ற மீனவருடைய கை ஏற்றுக்கொண்டது. யந்திரத்தை அமைத்தவர் எவற்றையெல்லாம் நீக்கினாரோ அவற்றின் பொறுப்பு யாவும் அதனைப் பேணுபவர் மேல் இறங்கியிருக்கிறது என்பதே இந்த வகை யந்திரத்தைப் பற்றி நாம் அறிய வேண்டிய முதல் உண்மை என்று நான் கருதுகிறேன். பேணுகின்ற முறைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

முதலிலே வாயுவின் அலைகளை எடுத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 5500 சுற்றுச் சுழலும் எஞ்சினிலே, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை எரிதல் நிகழ்வதால், செக்கனுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட வெடிப்புகள் நிகழ்கின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு உள்ள அவகாசம் செக்கனின் ஆயிரத்தில் பதினொரு பங்கு; அதற்குள்ளே புகை வெளியேறுவதற்கும் புதிய கலவை புகுவதற்கும் கிடைப்பது அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைந்த நேரமே. பிஸ்டன் இறங்கும்போது முதலிலே புகைத் துவாரம் திறக்கிறது. உடனே கலவைத் துவாரங்களும் திறக்கின்றன. இரண்டும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் அந்தச் சொற்ப வேளையிலே, புதிய கலவை பழைய புகையைத் தள்ளிக்கொண்டு சிலிண்டரை நிரப்ப வேண்டும். மாமாங்கேஸ்வரர் ஆலயத்திலே ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று, ஒரு வாயிலால் கூட்டம் வெளியேறிக்கொண்டிருக்கும்போதே மறு வாயிலால் புதிய கூட்டத்தை உள்ளே விட்டால், புதிதாக வந்தவர்களிலும் பலர் வெளியேறுகிற கூட்டத்தோடு அள்ளுண்டு போவர் அல்லவா? அதுவே இங்கும் நிகழ்கிறது. புதிய கலவை சிலிண்டரின் பின்சுவரை நோக்கி எழும்பி, அங்கே மேற்சென்று திரும்பி வருமாறு துவாரங்களைச் சாய்த்து அமைத்தவர் ஜெர்மானியராகிய அடொல்ப் ஷ்னூர்லே. 1920களிலே அவர் வகுத்த இந்த அமைப்பு இழப்பைக் குறைத்ததேயன்றி ஒழிக்கவில்லை. சாதாரண காபரேட்டர் பூட்டிய எஞ்சினிலே, உள்ளே சென்ற எரிபொருளில் காற்பங்கு வரை எரியாமலே புகைத் துவாரத்தால் போய்விடுவதுண்டு.

போனதைத் திருப்பி அழைப்பதற்கு வழியுண்டா? உண்டு, அதற்குரிய கருவி ஒலி. புகைத் துவாரம் திடீரெனத் திறக்கும்போது, அமுக்க அலை ஒன்று குழாயினுள்ளே பாய்கிறது. சூடான புகையிலே அது செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர் வேகத்தில் செல்கிறது. குழாய் விரிகின்ற இடத்தை அடைந்ததும் அந்த அலையின் ஒரு பகுதி, அமுக்கக் குறைவாக மாறித் திரும்புகிறது. அது துவாரத்தை அடைந்து எஞ்சிய புகையை உறிஞ்சி எடுக்கிறது. குழாய் மீண்டும் ஒடுங்குகின்ற இடத்திலே மற்றொரு பகுதி, அமுக்க மிகுதியாகவே திரும்புகிறது. அது, துவாரம் மூடப்படுவதற்கு ஒரு கணம் முன்னதாக வந்து சேருமானால், தப்பியோடிய புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளே திருப்பித் தள்ளிவிடுகிறது. நாம் மேலே கூறிய வேகத்திலே இந்தப் போக்கு வரவுக்கு வேண்டிய நேரத்தைக் கணக்கிட்டால், ஒடுங்கும் கூம்பு துவாரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்திலே இருக்க வேண்டும் என்று விடை வரும். அசைகின்ற உறுப்பு ஒன்றேனும் இல்லாமல், குழாயின் நீளத்தையும் அகலத்தையும் மாத்திரம் கொண்டு, சப்தத்தையே வால்வாகப் பயன்படுத்துகின்ற இந்த வித்தையைப் போன்ற நேர்த்தியான ஒன்றைப் பௌதிக சாஸ்திரத்தின் பிரயோகங்களுள்ளே நான் அதிகம் கண்டதில்லை.

இதனைச் சாஸ்திரமாக வளர்த்தவர், அக்காலத்துக் கிழக்கு ஜெர்மனியின் ட்ஷொபௌ நகரிலே எம்.இஸட். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் பொறியியலாளராயிருந்த வோல்ட்டர் காடென். 1961ஆம் ஆண்டிலே அவருடைய 125 கன சென்ரிமீற்றர் பந்தய எஞ்சின் 25 குதிரைவலுவைத் தந்தது. அதாவது லீற்றர் ஒன்றுக்கு 200 குதிரைவலு. காற்றை அமுக்கிப் புகுத்தும் துணைக் கருவி எதுவுமில்லாத எஞ்சின் எதுவும் அதற்கு முன் எட்டாத அளவு அது. அதே ஆண்டிலே அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் நாட்டுப் பந்தயத்தின்போது மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்று சுசூகி நிறுவனத்தைச் சேர, அந்த ஞானமும் அவரோடு யப்பானுக்குச் சென்றது. மறு ஆண்டே சுசூகி 50 கன சென்ரிமீற்றர் வகுப்பிலே உலகப் பட்டம் பெற்றது. பின்னர் யப்பானிலிருந்து உலகெங்கும் சென்ற பந்தய வண்டிகளும் திடல் வண்டிகளும் வயிறு பருத்த புகைக்குழாயோடு விளங்குவதற்குக் காரணம் இதுவே.

அலையும் குழாயும் சேர்ந்து சுருதி அமைக்கின்ற இந்த விஷயத்தை மட்டக்களப்பார் அந்நியமாகக் கருத வேண்டியதில்லை. பாடும் மீனின் ஓசையை முழுநிலவு இரவுகளிலே கல்லடிப் பாலத்தின் கீழே தோணியிலிருந்து செவிமடுக்கிற வழக்கம் இவ்வூருக்கு உரியது. காரைதீவிலே பிறந்து, லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்று, விஞ்ஞான ஆசிரியராயிருந்து, பின்பு துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழ் யாழ்களின் நரம்பு நீளங்களையும் சுருதிகளையும் கணித முறையால் ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். நீளம் பாதியானால் சுருதி இரட்டிக்கும் என்ற, யாழுக்கும் குழலுக்கும் உரிய அதே நியதிதான் புகைக்குழாயிலும் ஆட்சி செய்கிறது. கல்லடி உப்போடையிலே அவர் ஸ்தாபித்த சிவானந்த வித்தியாலயத்திலிருந்து கூப்பிடு தூரத்திலே கரையேற்றப்பட்டிருக்கும் எஞ்சின்களைக் காட்டி, அலைகளைப் பற்றிய பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது என் விருப்பம்.

படகு எஞ்சினிலே இந்தக் குழாய் அதன் காலுக்குள்ளே மறைந்து, படகைத் தள்ளுகின்ற சுழலியின் நடுவழியாக நீருக்கடியிலே திறக்கிறது. அதன் நீளத்தை மாற்றும் சுதந்திரம் பேணுபவருக்கு இல்லை. மாற்றவும் கூடாது. அவருடைய கையிலுள்ளது, எஞ்சின் எந்த வேகத்துக்காக அமைக்கப்பட்டதோ அந்த வேகத்தை எட்டும்படி செய்வது ஒன்றே. அதனை முதலாவதாகத் தீர்மானிப்பது சுழலி. சுழலியின் இலைச்சாய்வு அதிகமாயிருந்தால், வலையும் மீனும் ஏற்றிய படகைத் தள்ளும்போது எஞ்சின் முழு வாயு திறந்தும் உரிய சுற்றை எட்டாது திணறும், அலைகள் அகாலத்திலே திரும்பும், எரியாத ஒயில் காபனாக உறையும், வெப்பம் மிகும். சாய்வு குறைந்தால் எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்று தேயும். வெறும் படகோடு ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைகிறவர் பலர். வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, முழு வாயுவிலே சுற்று வேகத்தை அளந்து பார்ப்பதே சரியான பரீட்சை. சுழலியின் விளிம்பு கல்லிலே பட்டு மடிந்திருந்தாலும் இதே விளைவுகள் நேரும்.

இனி, ஒயிலின் விஷயத்துக்கு வருவோம். நாலடிப்பு எஞ்சினிலே ஒயில் தொட்டியிலிருந்து மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது. இங்கே அது கலவையோடு சேர்ந்து கிராங்க் அறையிலே தூவப்பட்டு, ஊசி உருளைத் தாங்கிகளையும் பிஸ்டனையும் ஒரு முறை நனைத்து, மேலே சென்று எரிந்து மறைகிறது. ஒவ்வொரு துளியும் ஒரே ஒரு தடவைதான் ஊழியம் செய்கிறது. ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு லீற்றர் ஒன்றுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் வேண்டும். புதிய எஞ்சினைப் பழக்கும் காலத்திலே சாதாரணமாக விதிக்கப்படும் இருபத்தைந்துக்கு ஒன்று என்பதற்கு 40 மில்லிலீற்றர் வேண்டும். சோடாப் போத்தல் மூடியாலும் கண்ணளவாலும் ஊற்றுகிற பழக்கம் கரையெங்கும் உண்டு. ஒயில் குறைந்தால் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து பிடித்துக்கொள்ளும் என்பதை யாவரும் அறிவர். கூடினாலும் தீங்குண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. மிகுதியான ஒயில் பிஸ்டன் வளையங்களின் பள்ளங்களிலே பசையாகி உறைந்து, வளையங்களை ஒட்டவைத்துவிடுகிறது. வளையம் ஒட்டினால் எரிவாயு பிஸ்டனின் பக்கவாட்டாகக் கீழிறங்கி, உள்ள ஒயிற்படலத்தையும் எரித்துவிடுகிறது. அன்றியும், ஒயில் அதிகமாகுந்தோறும் அதே அளவு திரவத்திலே எரிபொருள் குறைகிறது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

எந்த ஒயில் என்பதும் எவ்வளவு ஒயில் என்பதைப் போன்றே முக்கியமானது. காற்றாற் குளிரும் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு உரிய 2ரி ஒயிலிலே, அதிக உஷ்ணத்தைத் தாங்குவதற்காகச் சாம்பல் எஞ்சும் உலோகச் சேர்க்கைகள் உள்ளன. நீராற் குளிரும் படகு எஞ்சினோ அவ்வளவு சூடேறுவதில்லை. அங்கே அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படிந்து, பொறி தெறிக்கும் முன்பே கலவையைப் பற்றவைக்கும் கனலாகிறது. ஆதலால் ரி.சி.–டபிள்யூ 3 என்ற குறி பொறித்த, சாம்பலற்ற ஒயிலே படகுக்கு உரியது. விலை சற்று அதிகம் என்பது மெய். பிஸ்டன் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அது அற்பம்.

நம் நாட்டிலே மற்றொரு சிக்கல் மண்ணெண்ணெய். நெடுங்காலமாக அது பெற்றோலிலும் மலிவாயிருந்தபடியால் மண்ணெண்ணெயில் ஓடும்படி அமைத்த எஞ்சின்களே மீனவரிடத்தில் மிகுதியாகப் பரவின. பெற்றோல் உறைபனிக்கும் கீழ்ப்பட்ட குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருவது. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் சூடேறினாலன்றி அவ்வாறு தருவதில்லை. எனவே பெற்றோலிலே எஞ்சினைத் தொடக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைக்கு வருமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி நிறுத்துவது முறை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே யாழ்ப்பாணத்தார், சூப்பிப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள்ளே பீச்சித் தொடக்கிவிட்டு, மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயிலேயே ஓட்டிப் பிழைத்ததற்கும் ஆதாரமான உண்மை இதுவே. மண்ணெண்ணெயின் மற்றொரு குறை, அமுக்கத்தைத் தாங்காமல் தானே வெடித்துத் தட்டுவது. ஆகவே அதற்குரிய எஞ்சின்களிலே அமுக்க விகிதத்தைக் குறைத்து வைப்பர். பெற்றோலுக்கென்றே அமைத்த எஞ்சினிலே மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டுகிறவர், அந்தத் தட்டலால் பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்பட்டுப் பொடிந்துபோவதைச் சில மாதங்களிலே காண்பார். 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாக ஏறியபோது, அதனையே நம்பி எஞ்சின் வாங்கிய குடும்பங்கள் பட்ட துன்பம் பெரிது. எரியாமலே வெளியேறும் காற்பங்கு, அன்று முதல் கணக்குப் பார்க்க வேண்டிய காற்பங்காயிற்று.

கலவையின் செறிவைப் பற்றி ஒன்று விசேஷமாகச் சொல்ல வேண்டும். நாலடிப்பு எஞ்சினிலே எரிபொருள் குறைந்து காற்று மிகுந்தால் வெப்பம் ஒன்றே ஏறும். ஈரடிப்பிலோ எரிபொருளோடுதான் ஒயிலும் வருவதால், வெப்பம் ஏறுகிற அதே வேளையிலே மசகும் குறைகிறது. அலுமினியப் பிஸ்டன், அதனைச் சூழ்ந்துள்ள வார்ப்பிரும்புச் சிலிண்டரைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவது. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியோ மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கை ஒட்டியதே. ஆகையால் காபரேட்டரின் பிரதான துவாரத்திலே அடைபட்ட ஒரு தூசும், கிராங்க் அறையின் முத்திரை வளையத்திலே விழுந்த ஒரு கீறலால் புகுகின்ற சிறிது காற்றும், நடுக்கடலிலே எஞ்சினை இறுகப் பிடிக்கச் செய்ய வல்லன. முன்னறிவிப்பு இல்லாமலும் இல்லை. வெறுமையாக ஓடும்போது வாயுவைக் குறைத்தும் சுற்று இறங்க மறுத்தால், எங்கோ காற்றுக் கசிகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகச் சொல்லும்: அதன் வெண்களிமண் மூக்கு இளம் பழுப்பு நிறமாயிருந்தால் யாவும் நலம், கறுத்து ஈரமாயிருந்தால் எரிபொருளோ ஒயிலோ மிகுதி, அல்லது பொறி வலிமை குன்றியது, வெளுத்துப் பொரிந்திருந்தால் கலவை வறண்டது, வெள்ளித் துகள் போன்றவை ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது, அன்றைக்கே தொழிலை நிறுத்த வேண்டும். முழு வாயுவிலே சற்று நேரம் ஓட்டி, அப்படியே நிறுத்திக் கழற்றிய பிளக்கையே இவ்வாறு நம்பலாம். கரை வரைக்கும் மெதுவாக ஓட்டி வந்த பின் கழற்றியது வேறு கதை சொல்லும்.

உப்பு எவ்வாறு உள்ளே வருகிறது என்பதை இனிக் காண்போம். எஞ்சினைக் குளிர்விப்பதற்கு, அதன் காலிலுள்ள இறப்பர்ச் சுழலிப் பம்பு கடல்நீரையே உறிஞ்சிச் சிலிண்டரைச் சுற்றி ஓட்டுகிறது. கடல்நீர் கிலோகிராம் ஒன்றிலே உப்பு ஏறத்தாழ 35 கிராம். எஞ்சின் நின்றதும் உள்ளே தங்கிய நீர் வற்றி, உப்பும் கல்சியச் சேர்வைகளும் வழிகளிலே படிகின்றன. போதாததற்கு, முகத்துவாரத்து மணல் வேறு. கோடையிலே மணற்றிட்டு வாவியின் வாயை அடைத்தும், மாரியிலே வெள்ளத்தால் உடைந்தும், சில வேளைகளிலே வெட்டப்பட்டும் மாறிக்கொண்டிருக்கிற அந்த இடத்திலே, திட்டின் மேலால் படகைச் செலுத்தும்போது பம்பு மணல் கலந்த நீரைக் குடித்து, இறப்பர் இதழ்கள் தேய்கின்றன. வாவியின் உட்பகுதியிலே ஆற்றுவாழையும் பாசியும் நீர்வாயை அடைக்கின்றன. பின்புறத்தால் பீச்சுகின்ற சிறு நீர்த்தாரை ஒன்றே உள்ளே நீரோடுகிறது என்பதற்குப் பிரத்தியட்சச் சான்று. “தண்ணி பீச்சுதா எண்டு பாத்துப் பாத்துப் போ, மனே” என்று முதியவர்கள் இளைஞரை எச்சரிப்பதிலே எத்தனை அனுபவம் அடங்கியிருக்கிறது! தாரை மெலிந்தால் உடனே நிறுத்த வேண்டும். கரைக்கு வந்ததும் நன்னீர் நிரப்பிய பரல் ஒன்றிலே எஞ்சினின் காலை அமிழ்த்திப் பத்து நிமிஷம் மெதுவாக ஓட்டினால் உப்பு கழுவுண்டு போகிறது. நீரில்லாமல் ஒரு கணமேனும் ஓட்டிப் பார்க்கலாகாது. நீரே மசகான இறப்பர் இதழ் சில விநாடிகளிலே கருகிவிடும்.

அலுமினியக் காலும் உருக்குத் தண்டும் உப்பு நீரிலே சேர்ந்து நிற்கும்போது அங்கே ஒரு மின்கலம் உண்டாகிறது. அதிலே அரிக்கப்படுவது அலுமினியம். அதனைக் காப்பதற்காக, அதைவிட எளிதில் அரிபடும் உலோகக் கட்டி ஒன்றை நீருக்குள்ளே இருக்கும் பாகத்திலே பூட்டுகின்றனர். கடலிலே நாகக்கட்டி நன்கு உழைக்கும். வாவியின் கலப்பு நீரிலோ அதன் மேலே செயலற்ற படை ஒன்று மூடிக்கொள்வதுண்டு, ஆதலால் அங்கே நெடுநேரம் நிற்கும் எஞ்சினுக்கு அலுமினியக் கலப்புக்கட்டி மேலானது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அழகுக்காக அதன் மேல் வர்ணம் பூசுகிறவர்கள் காவற்காரனுடைய கண்ணைக் கட்டுகிறார்கள். பற்சக்கரப் பெட்டியின் ஒயில் பால் நிறமாக மாறியிருந்தால் நீர் புகுந்துவிட்டது. முத்திரை வளையத்தை மாற்றாமல் ஒயிலை மாத்திரம் மாற்றுவது வீண்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி நாவலடியிலும் கல்லடியிலும் வாகரையிலும் கடல் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் அள்ளிச் சென்றபோது, எண்ணற்ற எஞ்சின்களும் மணலுள்ளும் நீருள்ளும் அமிழ்ந்தன. அந்தத் துயரத்தின் நடுவே எஞ்சினை யார் நினைப்பார்? எனினும் படகு கவிழ்ந்து எஞ்சின் மூழ்குவது எந்த ஆண்டிலும் நேரக்கூடியது. ஆகவே அறிந்து வைத்திருத்தல் நன்று. நீருக்குள்ளே கிடக்கும் வரை உருக்குத் தாங்கிகள் மெதுவாகவே துருப்பிடிக்கின்றன. வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட பின் சில மணித்தியாலங்களிலே கெட்டுப்போகின்றன. எடுத்தவுடன் நன்னீரால் உள்ளும் புறமும் கழுவி, பிளக்கைக் கழற்றிக் கயிற்றை இழுத்து நீரை வெளியேற்றி, சிலிண்டருக்குள் ஒயில் ஊற்றி, காபரேட்டரைத் துப்புரவாக்கி, அன்றைக்கே தொடக்கி ஓட்டிவிட வேண்டும். மணல் உட்புகுந்திருந்தால் மாத்திரம் கயிற்றை இழுக்கலாகாது. பிரித்தே கழுவ வேண்டும். உடனே செய்ய வசதியில்லையாயின், நன்னீர் நிரப்பிய பரலிலே அமிழ்த்தி வைத்திருப்பது, வெயிலிலே உலர வைப்பதிலும் எவ்வளவோ மேல்.

இவ்வளவு கூறிய பின், இந்த யந்திரத்தால் நீருக்கு நேரும் தீங்கை மறைப்பது நியாயமன்று. எரியாத எரிபொருளும் ஒயிலும் நீருக்கடியிலேயே கக்கப்படுகின்றன. திறந்த கடலிலே அது விரைவிலே கலைந்து போகிறது. கண்டற் காடுகள் சூழ்ந்து, முகத்துவாரம் அடைபட்டுத் தேங்கி நிற்கும் கோடைக் காலத்து வாவியிலே, இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் இடத்திலேயே அது தங்குகிறது. அமெரிக்காவிலே 1996ஆம் ஆண்டு முதல் விதிக்கப்பட்ட புகைக் கட்டுப்பாடுகளினால் சாதாரண காபரேட்டர் ஈரடிப்பு எஞ்சின்கள் புதிய விற்பனையிலிருந்து படிப்படியாக மறைந்தன. நமது வாவிக்குள்ளும் அவற்றுக்கு இடமிருக்கக் கூடாது என்பதே என் துணிபு. சவள் போதாத இடத்திலே நாலடிப்பு எஞ்சின் போதும். கடலுக்குச் செல்பவருடைய நிலை வேறு: பாரம் குறைந்ததும், தாமே பிரித்துப் பூட்டக்கூடியதும், உதிரிப்பாகம் எளிதில் கிடைப்பதுமான எஞ்சினை அவர் விரும்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு, அவரிடத்திலே உள்ளதைச் செம்மையாக ஓட்டச் செய்வதே, மாற்றம் வரும் வரைக்கும், நீருக்கும் அவருடைய பணப்பைக்கும் ஒருங்கே நன்மை தருவதாகும்.

வாடைக் காற்றோடு மாரி தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் நவம்பர் முதலான மாதங்களிலே எஞ்சின்கள் கரையேறிவிடும். காபரேட்டரிலே தங்கிய பெற்றோல் ஆவியாகி, பிசினையும் கலந்த ஒயிலையும் விட்டுச் செல்வது அப்போதுதான். ஆகவே எஞ்சின் வைத்திருக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்வது இது: கடைசி முறை நன்னீரில் ஓட்டும்போது எரிபொருட் குழாயைக் கழற்றி, காபரேட்டர் வறளும் வேளையில் அதன் வாயாலே ஒயிலைச் சிறிது சிறிதாக விட்டு எஞ்சின் தானே நிற்கச் செய்யுங்கள், பிளக் துவாரத்தின் வழியே இன்னும் ஒரு கரண்டி ஒயில் விட்டுக் கயிற்றை மெல்ல இழுத்துவிடுங்கள், நிமிர்ந்த நிலையிலே, நீர் முழுவதும் வடியும்படி தொங்கவிடுங்கள், பற்சக்கரப் பெட்டியிலிருந்து வடித்தெடுத்த பழைய ஒயிலை வாவியிலும் வடிகானிலும் ஊற்றாமல் மூடியுள்ள கலனொன்றிலே சேர்த்து, அதனை ஏற்கும் கராச்சிலே ஒப்படையுங்கள்.